மூன்று தண்ணீர்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் தெரிவிக்கப்படுவது என்னவென்றால், நம் வீட்டு அவன் இன்று காலை ஏழே கால் மணிக்கு உருளைக்கிழங்குக் கிடங்காகப் பதவி இறக்கம் செய்யப்பட்டான். மேல் தட்டில் உருளைக்கிழங்கு, கீழ்த் தட்டில் வெங்காயம். அம்மாவின் உத்தரவு. அப்பா ஒரு நிமிட மௌன அஞ்சலி செலுத்தினார். அதாவது வழக்கம்போல ஒன்றும் பேசவில்லை. (பிஸ்கட் சுடும் அவனைச் சொல்கிறேன். உன் வாழ்க்கையில் வேறு அவன் இருந்தால் அதற்குத் தனி விசாரணை.)

நான் நலம். என் மேலுதட்டில் புதிதாக முளைத்த பதினோரு முடிகளும் நலம். நீ நலமா என்று தெரியவில்லை. வீட்டு எண்கள் மூன்றையும் நீ போனில் அடைத்துவைத்துப் பதினேழு நாள் ஆகிறது. மாடி வீட்டு டியூஷன் மாஸ்டர் போனிலிருந்து கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் அவரையும் அடைத்துவிட்டாய். பாவம், அவர் என்ன பிஸ்கட்டா சுட்டார்? கடைசியில் உன் தோழியின் காலைப் பிடித்து விடுதி முகவரி வாங்கினேன். அதனால்தான் தாத்தா காலத்து ஆள் மாதிரி கடிதம்.

எனக்குக் கோபம் அக்கா. ஒரு தட்டு பிஸ்கட்டுக்காகப் பெட்டி கட்டிக்கொண்டு போன முதல் ஆள் நீயாகத்தான் இருப்பாய். அம்மா உன்னை 'அவ' என்கிறாள். நீ அங்கே அம்மாவை 'அவங்க' என்பாய். நடுவில் நான் சம்பளமில்லாத தபால்காரன்.

கோபத்துடனும் பசியுடனும்,
உன் தம்பி


மார்ச் 13

வாலு,

நான் நலம். உன் சளி போய்விட்டதா? அம்மாவின் கால் வீக்கம் எப்படி என்று நான் கேட்கவில்லை. நீயாக எழுதினால் படித்துக்கொள்வேன்.

ஒரு தட்டு பிஸ்கட் என்று எழுதினாயே, உனக்குக் கை கூசவில்லையா? அந்தப் பேக்கரிக்காரர் கடைக்கு எட்டு மாதம் நடந்தேன். செய்கிற சமையலறையைப் பார்க்காமல் எதையும் கடையில் வைக்க மாட்டேன் என்றவர், அன்றுதான் வீட்டுக்கு வந்தார். பிடித்திருந்தால் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜாடி, அதில் என் பெயர், வாராவாரம் என் ஆரஞ்சு பிஸ்கட். முதல் பிஸ்கட்டை அவர்தான் கடிக்க வேண்டும் என்று நான் ருசிகூடப் பார்க்கவில்லை. அவர் இரண்டு தடவை மென்றார். கைக்குட்டையை எடுத்தார். "பாப்பா, இது பிஸ்கட்டா, குளிக்கிற சோப்பா?" என்றார். நீ வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாய். அது எனக்குக் கேட்டது.

அம்மா பழத்துக்கும் பாத்திர சோப்பு போடுவாள் என்பது தெருவுக்கே தெரியும். "வெந்நீர் போதும்மா" என்று நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அன்று காலையும் எட்டு ஆரஞ்சையும் நுரையில் முக்கி எடுத்தாள். நான் துருவிப் போடுவது அந்தத் தோலைத்தானே? அதைத்தான் அவர் முன்னாலேயே சொன்னேன்.

இப்போது நான் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் உடைந்த பிஸ்கட்டைப் பொறுக்கிப் போடும் வேலை பார்க்கிறேன். யாரோ செய்தது. யாரோ உடைத்தது.

'நான் கழுவினதுதான் தப்பு' என்று அம்மா ஒரு வரி சொல்லட்டும். அன்று போனைத் திறக்கிறேன்.

சமையலறை ஆணியில் தொங்கும் என் சின்னத் துருவியை அனுப்பு. என் முதல் சம்பளத்தில் வாங்கியது அது. அதை வைத்து அங்கே யாரும் கேரட் துருவ வேண்டாம்.

அக்கா


மார்ச் 21

மாண்புமிகு அக்காவுக்கு,

சளி போய்விட்டது. கால் வீக்கம் (நீ கேட்காதது) கொஞ்சம் குறைந்திருக்கிறது.

உன் நிபந்தனையை அம்மாவிடம் வாசித்தேன். தட்டு துடைத்துக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பதினாறு வருஷமா ஆஸ்பத்திரியில கத்தியும் கத்தரிக்கோலும் கழுவுறேன். ஒரு டாக்டர் ஒரு வார்த்தை சொன்னதில்ல. வெளியாள் முன்னாடி என்னைக் கைகாட்டிட்டுப் போனவளுக்கு நான் எதை ஒத்துக்கணும்?"

"ஒரே ஒரு வரிதாம்மா கேக்குறா."

"மூணு தண்ணியில அலசினேன். எண்ணி அலசினேன். செய்யாததைச் செஞ்சேன்னு சொல்ல மாட்டேன். எழுதிப் போடு."

எழுதிப் போட்டுவிட்டேன். இரண்டு பேரும் நன்றாக இருங்கள்.

நீங்கள் கத்திக்கொண்டே இருந்தால் உண்மை வெளியே வராது என்பதால், ஒரு நபர் விசாரணைக் கமிஷன் அமைத்துவிட்டேன். அந்த நபர் நான். முதல் வேலையாக உருளைக்கிழங்கை அவனிடமிருந்து காலி செய்தேன். அன்று கழுவியது மாதிரியே எட்டுப் பழத்தையும் அம்மாவைக் கழுவச் சொன்னேன். முறைத்துக்கொண்டே கழுவினாள். நானும் எண்ணினேன். மூன்று தண்ணீர்.

பிறகு உன் நோட்டு, உன் துருவி, என் கை. சர்க்கரையில் தோல் துருவலைப் போட்டு அது ஈரமாகி மஞ்சளாகும் வரை கசக்கினேன். வெண்ணெய், மாவு, ஒரு கரண்டி சாறு. டம்ளர் விளிம்பால் வட்டம் வெட்டினேன். வெந்து வந்தபோது மேலே வெள்ளை, அடியில் கருப்பு. சதுரங்கம் ஆடலாம். ஆனால் சோப்பு வாசனை இல்லை.

அப்பாவை நடுவராகக் கூப்பிட்டேன். "இவன் கையால குடுக்கறதை நான் தொட மாட்டேன். போன மாசம் சீஸ்னு எதையோ துருவிக் குடுத்தான். ரெண்டு நாள் நாக்கு வழவழன்னு இருந்துச்சு" என்றார். (அது என் வாழ்நாள் சாதனை. செய்முறை ரகசியம்.) பிறகு நான்கு தின்றார்.

தடயப் பொருள் பத்து அனுப்பியிருக்கிறேன். விசாரணை முடிந்ததும் துருவி வரும்.

இப்படிக்கு,
கமிஷன்


ஏப்ரல் 2

வாலு,

எனக்கு உடம்பு சுகம்தான். உன் தடயத்தைக் கடித்ததில் ஒரு பல் ஆடுகிறது.

வெண்ணெயை இப்படிப் பாழாக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது? துருவும்போது ஆரஞ்சு நிறத்தோடு நிறுத்த வேண்டும். வெள்ளை தெரிந்ததும் பழத்தைத் திருப்பு. வெள்ளையையும் சேர்த்துச் சுரண்டியிருக்கிறாய், அதனால்தான் அந்தக் கசப்பு. தட்டை மேல் வரிசையில் வை. இதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு இப்போது இஷ்டமே இல்லை. பிஸ்கட்டைப் பார்த்தால் பாவமாக இருந்தது. பிஸ்கட்டைத்தான்.

நீ எதையும் நிரூபிக்கவில்லை. நீ எண்ணுகிறாய் என்று தெரிந்தால் யாரும் மூன்று தண்ணீர் அலசுவார்கள். அப்பாவின் தீர்ப்பு எனக்கு வேண்டாம். அட்டைப் பெட்டியைக் கொடுத்தாலும் நாலு தின்றுவிட்டு லிஃப்ட் ரிப்பேருக்குப் போய்விடுவார்.

இந்த விளையாட்டை நிறுத்து. துருவியை அனுப்பு.

அக்கா


ஏப்ரல் 11

அக்கா,

நான் நலமில்லை. எரிச்சலாக இருக்கிறேன். எல்லோரும் என்னைக் கோமாளி என்று முடிவு கட்டிவிட்டதால் என் எரிச்சலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இரண்டாவது சோதனை நடந்தது. இந்த முறை பழத்தை நுரையில் முக்கி, அலசாமலே துடைத்துத் துருவினேன். ஒரு தண்ணீர்கூட இல்லை. கடித்தால் எங்கேயோ தூரத்தில் யாரோ குளிப்பது மாதிரி லேசாக ஒரு வாசனை, அவ்வளவுதான். கைக்குட்டை எடுக்கும் அளவுக்கு இல்லவே இல்லை. அம்மா அன்று அலசவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் அந்தச் சோப்பு அவளுடையது அல்ல. இதற்கு மேல் உனக்கு என்ன வேண்டும்? முத்திரைத் தாளில் எழுதித் தரட்டுமா?

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அம்மா இப்போதெல்லாம் ஒரு டம்ளரை ஏழு தண்ணீரில் அலசுகிறாள். எண்ணிக்கொண்டே அலசுகிறாள், பாதியில் சந்தேகம் வந்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறாள். விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கிறது. போன வாரம் வேலை முடிந்து பஸ் ஏறியவள், பாதி வழியில் இறங்கித் திரும்பிப் போய், கழுவி வைத்த தட்டுகளை மறுபடி அலசினாளாம். ஹெட் நர்ஸ் கேட்டதற்கு, "என் பொண்ணே என்னை நம்பல, நான் எப்படி என்னை நம்புறது" என்றாளாம். அப்பா சொன்னார். அப்பாவே வாய் திறந்து சொன்னார் என்றால் பார்த்துக்கொள்.

பேக்கரிக்காரர் முன்னால் நீ சொன்ன ஒரு வார்த்தையால்தான் இது எல்லாம்.

கேட்டுக்கொள். இதைச் செய்தவன் எவனாக இருந்தாலும் ஒரு மாதத்தில் பிடிப்பேன். அம்மா காலில் விழ வைப்பேன். ஒரு கிலோ ஆரஞ்சைத் தோலோடு தின்ன வைப்பேன். அவன் போட்டோவை (பிஸ்கட் சுடும்) அவன் மேல் ஒட்டுவேன்.

மூன்றாவதாகச் சுட்டதில் இருபது வைத்திருக்கிறேன். தின்றுவிட்டு, என் கைக்கு என்ன வளையல் போடலாம் என்று சொல். துருவி சனிக்கிழமை தபாலில்.

தம்பி


ஏப்ரல் 22

தம்பி,

நலம்தானே? அம்மா விரலுக்கு வெண்ணெய் தடவச் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே.

பிஸ்கட் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாக இருந்தது. ஓரம் மட்டும் சிவந்து, நடுவில் வெளுப்பாக, வாயில் வைத்ததும் மணல் மாதிரி உதிர்ந்தது. விடுதியில் பாதியைப் பிடுங்கிக்கொண்டார்கள். வெட்டுவதற்கு முன் மாவை அரை மணி குளிர வைத்தால்தான் இப்படி வரும். அதை நான் நோட்டில் எழுதியதே இல்லையே, உனக்கு எப்படித் தெரிந்தது?

அலசாமல் செய்த சோதனையைப் பற்றி இரண்டு நாள் யோசித்தேன். என் கோபம் போகவில்லை. ஆனால் ஒன்று ஞாபகம் வந்தது. துருவி எப்போதும் ஆணியில்தான் தொங்கும். அன்று காலை ஆணியில் இல்லை. தொட்டி ஓரத்தில் ஈரமாகக் கவிழ்ந்து கிடந்தது. அம்மா கழுவி வைத்திருப்பாள் என்று எடுத்துக்கொண்டேன். அவளைக் கேள். முந்தின நாள் அதை யார் எடுத்தார்கள்?

துருவி இன்னும் வரவில்லை.

அக்கா


ஜூன் 1

அக்காவுக்கு,

அனைவரும் நலம். பரீட்சை இருந்ததால் எழுதவில்லை. பரீட்சை சுமார்.

துருவியைத் தேடினேன், கிடைக்கவில்லை. கிடைத்தால் அனுப்புகிறேன். விசாரணையில் புதிதாக ஒன்றுமில்லை. நடந்தது நடந்துவிட்டது, பழசை எதற்குக் கிளறுவது? நீ வந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

வெயில் அதிகம். உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஜூன் 8

வாலு,

நீ நலமாக இருக்க வாய்ப்பில்லை. உன் கடிதத்தில் ஒரு கிண்டல்கூட இல்லை. காய்ச்சலா?

ஐந்து வாரமாக ஒவ்வொரு நாளும் விடுதி வாசலில் தபாலுக்கு நின்றேன். வந்தது வெயில் நிலவரம். போட்டோ ஒட்டுவேன் என்ற கமிஷன் எங்கே தலைமறைவானது? நான் கேட்டது ஒரு கேள்வி. அம்மாவைக் கேட்டாயா இல்லையா? நீ மறைக்கிறாய் என்றால் அம்மாவுக்காகத்தான் மறைக்கிறாய். கடைசியில் நீயும் அந்தப் பக்கம் போய்விட்டாய்.

சரி. கேட்டுக்கொள். தொழிற்சாலையில் இரண்டு வருட ஒப்பந்தம் நீட்டியிருக்கிறார்கள். நடுவில் விட்டுப் போக முடியாது. வருஷத்துக்கு ஆறு நாள் லீவு. முப்பதாம் தேதி கையெழுத்துப் போடப் போகிறேன். இதை வீட்டில் சத்தமாக வாசி.

அக்கா


ஜூன் 16

பெரியவளே,

நல்லா இருக்கியா. வேளைக்குச் சாப்பிடு. கால் வீக்கம் இப்போது இல்லை.

தம்பி உன் கடிதத்தை வாசித்தான். நான் யோசித்துப் பார்த்தேன். அன்று எனக்கு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. மூன்று தண்ணீர் என்று சொன்னேன், ஒன்றாகத்தான் இருக்கும். அவசரத்தில் சரியாக அலசவில்லை. நான் கழுவினதுதான் தப்பு. நீ கேட்ட வரி இதுதான் என்று நினைக்கிறேன்.

கையெழுத்துப் போடாதே. வீட்டுக்கு வா. அந்தப் பேக்கரிக்காரரிடமும் நானே வந்து சொல்கிறேன்.

அம்மா


ஜூன் 17

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். என் மேலுதட்டு முடிகளும் இருக்கின்றன. ஆனால் அவை பதினொன்று அல்ல, நான்கு. இன்று பொய்களைச் சுத்தம் செய்யும் நாள் என்பதால் சின்னதிலிருந்து தொடங்குகிறேன்.

இந்த உறையில் அம்மாவின் கடிதமும் இருக்கிறது. என் கடிதத்தைப் படிக்காமல் அதை நம்பிவிடாதே. நேற்று அதை என்னிடம் நீட்டி, "பிழை இருக்கான்னு பாரு" என்றாள். பார்த்தேன். எழுத்தில் பிழை இல்லை. கடிதம் முழுக்கப் பிழை.

துருவியை எடுத்தவன் நான். பேக்கரிக்காரர் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அப்பாவுக்குச் சீஸ் என்று கொடுத்தேனே, அது குளியலறையில் இருந்த மஞ்சள் எலுமிச்சைச் சோப்பு. உன் துருவியில்தான் துருவினேன். பூ மாதிரி வந்தது. குழாயில் ஒரு தடவை காட்டிவிட்டுத் தொட்டி ஓரம் வைத்தேன். ஒரு தண்ணீர்கூட முழுசாக இல்லை. பின்பக்கம் ஓட்டை ஓட்டையாக அடைத்திருந்ததை நான் திருப்பிப் பார்க்கவில்லை. நிறமும் மஞ்சள், வாசனையும் எலுமிச்சை. அவசரத்தில் உனக்கு எப்படித் தெரியும்?

சத்தியமாகச் செய்தபோது தெரியாது. வாசலில் சிரித்ததும் வேறு எதற்கோ. உன் ஏப்ரல் கடிதத்தில் 'தொட்டி ஓரம்' என்று படித்தபோதுதான் புரிந்தது. துருவியை என் மெத்தைக்கு அடியில் ஒளித்தேன். அம்மா ஏழு தண்ணீர் அலசுவதைத் தினமும் பார்த்தேன். தினமும் நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். செய்தவனைப் பிடித்து ஆரஞ்சைத் தோலோடு தின்ன வைப்பேன் என்று எழுதியவனுக்கு, தன் வாயைத் திறக்க முடியவில்லை.

நேற்று அம்மாவின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எப்போ தெரியும் உனக்கு?"

"ஏப்ரல் கடைசியில."

"ரெண்டு மாசம்." கையை விரித்து என் முகத்துக்கு நேரே காட்டினாள். "ரெண்டு மாசம் இந்தக் கையைப் பார்த்துக்கிட்டே சாப்பிட்டிருக்கே."

அடித்திருந்தால் தேவலை. காலில் விழப் போனேன், "தள்ளி நில்லு, தரை ஈரம்" என்றாள். துருவியை எடுத்துவரச் சொன்னாள். பிரஷ் போட்டுத் தேய்த்தாள், முன்னாலும் பின்னாலும். பிறகு குழாயைத் திறந்து சத்தமாக எண்ணினாள். ஒன்று. ரெண்டு. மூணு. மூடிவிட்டாள், அக்கா. நாலாவதுக்குக் கை போகவில்லை.

"அவளுக்கு அனுப்பு" என்றாள். "என் கடுதாசியையும் சேர்த்துப் போடு. என்னை என்ன எழுத வச்சீங்கன்னு ரெண்டு பேரும் தெரிஞ்சுக்கணும்."

அப்பா அதுவரை வாசலில் நின்றார். "அப்போ அது சோப்பா" என்று மட்டும் கேட்டார்.

இன்று காலை பேக்கரிக்காரரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அக்காவை வரச் சொல்லு. இந்தத் தடவை துருவியை நான் கொண்டுவரேன்" என்றார். அதனால் முப்பதாம் தேதி எதிலும் கையெழுத்துப் போடாதே. என் மேல் கோபம் தீர வேண்டாம். வந்து நேரில் கோபப்படு.

ஒரு கிலோ ஆரஞ்சைத் தோலோடு தின்னும் தண்டனை மதியம் நிறைவேற்றப்பட்டது. ஒன்றரைப் பழத்துக்கு மேல் முடியவில்லை. அம்மா கழுவிக் கொடுத்து, எதிரே உட்கார்ந்து பார்த்தாள். கசந்தது. சோப்பு வாசனை துளியும் இல்லை.

இன்னும் ஒன்று பாக்கி. என் கைக்கு வளையல் கேட்டேனே, அந்த இருபது பிஸ்கட். நான் மறுபடி அடியைக் கருக்கியதைப் பார்த்து, வேலையிலிருந்து வந்த அம்மா பையைக்கூட வைக்காமல், "தள்ளுடா" என்றாள். மாவைத் துணியில் சுற்றிக் குளிர வைத்தாள். "அவ எப்பவும் அரை மணி வைப்பா, நீ பார்த்ததே இல்லையா?" என்றாள். சுட்டு, ஆறவைத்து, எண்ணி அடுக்கினாள். "நீ செஞ்சதா எழுது. நான்னு தெரிஞ்சா தொட மாட்டா" என்றாள்.

நான் சுட்டது, உன் பல்லை ஆட்டிய அந்த முதல் பத்து மட்டும்தான்.

தலை நிமிராமல்,
உன் வாலு